கைமாறிய வெற்றிலை

அவள் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. பேச்சுவார்த்தை இல்லாதவளைப் பெயர் சொல்லிவிட்டால் பாதிச் சமாதானம் ஆனதாகிவிடும். அந்தப் பாதியைக்கூட விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. ‘கடைசிக் காம்பிரா’ என்றுதான் சொல்வேன். வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லயத்தின் கோடியில் இருந்த அறை அவளுடையது, அதற்கு அடுத்தது என்னுடையது. நடுவில் ஒரே ஒரு சுவர், அதுவும் கூரையைத் தொடாத சுவர். அவள் மிளகாய் வறுத்தால் என் வீட்டில் தும்முவோம். நான் என் வீட்டுக்காரரைத் திட்டினால் அவள் வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்கும்.

இலங்கையில், லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. எழுபதுகளின் நடுவில் தொடங்கியதைச் சொல்கிறேன். அவளுக்கு அப்போது ஐம்பது வயதைத் தாண்டியிருக்கும், எனக்கு நாற்பது ஆகவில்லை. ஒல்லியான உடம்பு, நீளமான கை, வெற்றிலைக் காவி ஏறிய பல், கணீரென்ற குரல். மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டே அவள் பேசினால், கீழே ரோட்டில் போகிறவன் நின்று பதில் சொல்லிவிட்டுப் போவான்.

அவளைப் பற்றி ஒரே ஒரு விஷயம் சொல் என்றால், எதையும் முன்கூட்டியே முடித்து வைக்கிறவள் என்று சொல்வேன். ஐப்பசி மழை வருவதற்குள் அவள் காம்பிராவில் பரண் முட்ட விறகு ஏறிவிடும். தீபாவளிச் சேலையை இரண்டு மாதம் முந்தியே பதுளைக்குப் போய் எடுத்துவிடுவாள். ஹாலிஎலயில் கட்டிக்கொடுத்த மகள் முழுகாமல் இருக்கிறாள் என்று சேதி வந்த அன்றைக்கே பழைய வேட்டியைக் கிழித்து, பிள்ளைக்குத் துணி மடித்து வைத்துவிட்டாள். “இப்பவே எடுத்து வச்சா கண்ணு பட்டுரும்க்கா” என்று யாரோ சொன்னார்கள். “புள்ள பொறந்து ஈரத்துல கெடக்கும், நம்ம துணியத் தேடிக்கிட்டிருக்கணுமா?” என்று கேட்டாள்.

தப்படிக்கிறவரையே ஒருநாள் வழிமறித்தாள். சாவு வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்த மனுஷர் காலூன்றி நிற்க முடியாத நிலையில்தான் வருவார். “இங்க பாருங்க, என் சாவுக்கு நீங்க தண்ணி போட்டுட்டு வந்தீங்கன்னா பாடையில இருந்து எந்திரிச்சிருவேன். இப்பவே சொல்லிட்டேன்.” அவர் சிரிக்கவில்லை. இவள் செய்தாலும் செய்வாள் என்று நினைத்திருப்பார்.

இந்தக் குணம்தான் எங்கள் சண்டைக்கும் காரணம். லயத்துக்கு ஒரே ஒரு பீலி. மலை ஊற்றை மூங்கிலில் வழித்து விட்டிருப்பார்கள், அதுதான் எல்லாருக்கும் குடிக்க, குளிக்க, சமைக்க. விடிவதற்குள் தண்ணீர் பிடித்து, உலை வைத்து, வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போய் நிற்க வேண்டும். முதலில் வருகிறவள் முதலில் பிடிப்பாள், அதுதானே நியாயம்? அவள் என்ன செய்வாள் என்றால், முதல்நாள் பொழுது சாயும்போதே குடத்தைக் கொண்டுபோய்ப் பீலிக்கு நேரே வைத்துவிடுவாள். காற்றில் உருளாமல் இருக்க உள்ளே ஒரு கல். ஆள் காம்பிராவில் தூங்கும், குடம் வரிசையில் நிற்கும். பலநாள் பொறுத்தேன். ஆடி மாத வறட்சியில் பீலி நூலாக வடிந்துகொண்டிருந்த ஒரு விடியலில், அந்தக் குடத்தைத் தூக்கி வரிசையின் கடைசியில் வைத்துவிட்டேன். அவள் வந்தாள். அதற்குப் பிறகு நடந்ததைக் கேட்கப் பக்கத்து லயத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். என் பரம்பரை அவள் வாயில், அவள் பரம்பரை என் வாயில். கங்காணி வந்து விலக்கிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது.

பேச்சு நின்றதே தவிர வாய் நிற்கவில்லை. எங்கள் பக்கம் பேச்சு இல்லாதவர்கள் சாடையாகப் பேசிக்கொள்வார்கள். முகம் பார்த்துப் பேசினால்தானே பேச்சு, வேறு எதையாவது பார்த்துப் பேசினால் அது கணக்கில் வராது. அவளிடம் ஒரு சிவப்புக் கோழி இருந்தது. அதைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, “சில பேரு வீட்டுல சம்பளம் போட்ட அன்னிக்குத்தான் கொழம்புல மீனு நீந்தும், இல்ல?” என்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் அடுப்பில் இருக்கிற தேத்தண்ணிக் கேத்தலிடம், “சில பேரு கோழிக்கு எறைக்கிற அரிசியில நமக்கு ஒரு வாரம் ஓடும் கேத்தலு” என்பேன். சில வருஷங்கள் இப்படியே போயின. அவள் கோழிக்கும் என் கேத்தலுக்கும் தெரியாத விஷயம் தோட்டத்தில் எதுவும் இல்லை.

எனக்கு அந்தச் சண்டை பிடித்திருந்தது. அவளுக்கு ஈடுகொடுத்துப் பேச லயத்தில் வேறு ஆள் கிடையாது. அவள் ஒரு நாள் மகள் வீட்டுக்குப் போய்விட்டால் எனக்குச் சோறு இறங்காது. இதை அவளிடம் சொன்னதில்லை, கேத்தலிடமும் சொன்னதில்லை.

அவள் புருஷன் போன கதையையும் சுவர் வழியாகத்தான் கேட்டேன். மனுஷருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “என்னைய இங்கனயே விட்டுருங்க. கதவத் தொறந்தா மலை தெரியுது, அது போதும்” என்று அவர் சொன்னது என் காதிலேயே விழுந்தது. ஆனால் மூச்சு இழுக்கத் தொடங்கியதும் வீட்டில் எல்லாரும் அழுதார்கள். அழுதுகொண்டே ஆளுக்கொரு பக்கம் பிடித்து, பதுளை ஆஸ்பத்திரிக்கென்று தோட்டத்து லொறியில் ஏற்றிவிட்டார்கள். தூக்கியவர்களில் அவளும் ஒருத்தி. பசறை வளைவுகளைத் தாண்டுவதற்குள் அவர் உயிர் போய்விட்டது, லொறியின் பின்பக்கத்தில், உர மூட்டைகளுக்கு நடுவில்.

காரியம் முடிந்த மறுநாள் அவள் கோழியைக் கூப்பிட்டாள். “அந்த மனுசன் கேட்டது ஒண்ணே ஒண்ணு. அதையும் எல்லாருமாச் சேந்து பாசத்தால கெடுத்துட்டோம்.” நான் கேத்தலிடம் எதுவும் சொல்லவில்லை. சண்டைக்கும் ஒரு முறை உண்டு.

அதற்குப் பிறகு ஒன்றிரண்டு வருஷத்தில் அவள் கன்னத்தின் உள்பக்கம் ஒரு புண் வந்தது. ஆறவில்லை. தோட்டத்து டாக்டரையா யாழ்ப்பாணத்து மனுஷர், நிதானமாகப் பேசுகிறவர். வாயைத் திறந்து பார்த்தவர் அன்றைக்கே பதுளைக்குத் துண்டு எழுதிக் கொடுத்தார். அங்கிருந்து கொழும்புப் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். போனாள். புற்று என்று சொல்லி, கன்னம் கறுக்கக் கறுக்கக் கரண்டு வைத்தார்கள். சொன்ன அத்தனை நாளும் இருந்து, முழுக்க வைத்துக்கொண்டுதான் திரும்பினாள். அவள் வைத்தியத்துக்குப் பயந்தவள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காக இதைச் சொல்கிறேன். வெற்றிலையை விட்டாள். கொழுந்துக் கூடையை மறுபடி தலையில் மாட்டினாள். ஒரு வருஷம் போல நன்றாக இருந்தாள், சண்டையும் நன்றாகவே நடந்தது.

பிறகு கழுத்தில் கட்டி தெரிந்தது. மறுபடி பதுளை. அங்கே பார்த்த டாக்டர் சிங்களவர், நல்ல மனுஷர். தாடையோடு சேர்த்து வெட்டி எடுத்துப் பார்க்கலாம் என்றார். வெட்டினால் பேசலாமா, சோறு தின்னலாமா, எத்தனை நாள் கூடக் கிடைக்கும் என்று இவள் தனக்குத் தெரிந்த சிங்களத்தில் கேட்டாளாம். பேச்சு கஷ்டம்தான், சாப்பாடு குழாய் வழியாக இருக்கலாம், நாள் இவ்வளவு என்று உறுதி சொல்ல முடியாது என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். வெட்டாவிட்டால் என்ன ஆகும் என்றும் கேட்டிருக்கிறாள். கட்டி வளரும், கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சு போகும், கடைசியில் விழுங்கவும் முடியாமல் போகும் என்றார். இதையெல்லாம் அன்று சாயங்காலம் கோழியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தாள். நான் கேத்தலை இறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தேன். தண்ணீர் வற்றிக் கேத்தல் அடிப்பிடித்துவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை. லயத்து ஆட்கள் எல்லாம் வீட்டில் இருக்கிற நேரம். நான் வாசலில் சாக்கு விரித்து மிளகாய் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கடைசிக் காம்பிராவிலிருந்து இறங்கி வந்தாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலையும் பாக்கும். பின்னால் மகன், ஹாலிஎல மகள், அவர்களுக்குப் பின்னால் டாக்டரையா. பெண் கேட்க வருகிற மாதிரி வந்து என் முன்னால் நின்றாள்.

“ஏ புள்ள, முந்தானைய விரி” என்றாள். முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள்.

“என்னாத்துக்கு?” என்றேன்.

“எனக்குப் பேச்சு போயிரும்னு டாக்டரு சொல்லிட்டாரு. போறதுக்கு முந்தி என் வாய உங்கிட்ட குடுத்து வைக்கலாம்னு வந்தேன்.”

முன்வரிசைக் காம்பிராப் பெரியவர் ஒருவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “சாகுற நாள் தெரிஞ்சா வாழுற நாள் நரகம்னு சொல்லுவாங்க. இந்தப் பேச்செல்லாம் எதுக்கும்மா?” என்றார்.

“நாளு எனக்குத் தெரியாதுங்க. எப்பிடிச் சாகக் கூடாதுங்கிறது தெரியும்” என்றாள். பிறகு என்னைப் பார்த்து, “கேட்டுக்க. என்னைய வெட்டக் கூடாது. முழுங்க முடியாமப் போனா மூக்குலயோ வயித்துலயோ கொழா போடக் கூடாது. கரண்டியில தண்ணி எறங்குற வரைக்கும் குடுங்க, எறங்கலேன்னா ஒதட்ட நனைங்க. பேச்சு நின்ன பெறகு இந்தக் காம்பிராவ விட்டு என்னைய எங்கயும் தூக்கக் கூடாது. யாரு அழுதாலும் சரி.”

“வலி வருமே. அதைப் பற்றி யோசிச்சனீங்களோ?” என்று கேட்டார் டாக்டரையா.

“அதுக்குத்தாங்க உங்களையும் கூட்டியாந்தேன். வலிக்கு மருந்து மட்டும் ஒரு வேளகூடத் தவறக் கூடாது. அதுல நான் வீரம் காட்ட மாட்டேன். நீங்க எழுதிக் குடுக்கணும். பதுளையில இருந்து வாங்கியாறது இவன் வேலை.” மகனைக் காட்டினாள். அவன் பதுளைக் கடைவீதியில் ஒரு முஸ்லிம் மொதலாளியின் கடையில் வேலைக்கு நின்றான். இருபத்தைந்து வயது ஆண்பிள்ளை, தரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தான்.

எனக்கு ஒன்று கேட்காமல் இருக்க முடியவில்லை. “பெத்த புள்ளைங்க ரெண்டும் இங்க நிக்கிது. நாம மொகம் பாத்துப் பேசி வருசக்கணக்காச்சு. எங்கிட்ட எதுக்கு?”

“அதுங்க அழுதுரும். நானும் எம் புருசனுக்கு அழுதவதான், அழுதுக்கிட்டே லொறியில ஏத்தினவ. நீ அழ மாட்ட. என் வாய்க்கு ஈடு குடுத்த வாயி இந்தத் தோட்டத்துலயே ஒண்ணுதான். ஒன்னைய எவனும் பேசி மடக்க முடியாது. எனக்கே முடியல.”

இவ்வளவு பெரிய பாராட்டை எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் சொன்னதில்லை.

எங்களில் வெற்றிலை கைமாறினால் வார்த்தை கொடுத்தாகிவிட்டது என்று அர்த்தம். பெண் பார்த்து வெற்றிலை மாற்றிவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. மனம் மாறினால் அதே வெற்றிலையைத் திருப்ப வேண்டும், திருப்பாதவரை வார்த்தை வார்த்தைதான். அதையும் அவளே சொன்னாள். “எனக்கு மனசு மாறினா வெத்தலையத் திருப்பிக் கேப்பேன். கேட்டா மறுபேச்சுப் பேசாமக் குடுத்துரு. கேக்காத வரைக்கும் நீதான் என் வாயி.”

முந்தானையை விரித்தேன். “சரிக்கா” என்று வந்துவிட்டது. அவளை நான் அக்கா என்றது அன்றுதான்.

அது அவளுக்குப் பிடிக்கவில்லை. “இதுனால நாம ராசியாயிட்டோம்னு நெனச்சிராத. பீலியில எங்கொடந்தான் முன்னால” என்று சொல்லிவிட்டுப் போனாள். லயமே சிரித்தது. மகன் மட்டும் சிரிக்கவில்லை.

வெற்றிலையையும் பாக்கையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டு மேலே வைத்தேன். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “நாளைக்கு அவ செத்துப்போனா ஊரு ஒன்னத்தான் சொல்லும். சண்டக்காரி நல்லா வச்சுத் தீத்துட்டான்னு” என்றார். அவர் சொன்னது நியாயம். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. அன்று அதைக் கேத்தலிடம் சொன்னேன். சுவருக்கு அப்பாலிருந்து கோழிக்குப் பதில் வந்தது: “சொல்லட்டுமே. சில பேரப் பத்தி நான் சொல்லாததையா ஊரு சொல்லிறப் போகுது?”

அதற்குப் பிறகு எங்கள் சாடைப் பேச்சு வேறு மாதிரி ஆனது. சாயங்காலமானால் அவள் கோழிக்கு முன்னால் மகனாக மாறுவாள். “எங்கம்மாவப் பட்டினி போட்டுக் கொல்றீங்களான்னு அவன் கேப்பான். அதுக்குச் சில பேரு என்ன சொல்லுவாங்களோ?”

“பட்டினி போடல, அவளால முழுங்க முடியலன்னு சொல்லுவோம் கேத்தலு.”

“பத்தாது. இன்னும் அழுவான்.”

“அழுதா அழட்டும், எங்களுக்கு இதுதான் சரின்னு படுதுன்னு சொல்லுவோம்.”

“அங்கதான் தப்பு. சில பேருக்கு என்ன படுதுங்கிறது யாருக்கு வேணும்? அவ இப்பிடிச் சொன்னான்னு மட்டும் சொல்லணும். சொந்தச் சரக்கக் கலக்காமப் பேசப் பழகணும்.”

இதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் என் சொந்தச் சரக்கு வேறு. அவள் முடிவு சரி என்று எனக்குப் படவே இல்லை. நானாக இருந்தால் வெட்டச் சொல்லியிருப்பேன், குழாயோ எதுவோ, இருக்கிற நாளை விடுவேனா? ஒருநாள் அடக்க முடியாமல், “சில பேரு வெட்டிக்கிட்டா இன்னும் ரெண்டு வருசம் சண்ட போடலாமே கேத்தலு” என்றேன்.

அந்தப் பக்கம் கோழிக்கு அரிசி இறைக்கிற சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக, “சண்ட போட வாயி வேணுமே” என்றாள்.

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

நாளாக ஆகக் குரல் தடித்தது. வார்த்தை பாதியாகத்தான் வந்தது. நான் சுவரோடு ஒட்டி நின்று கேட்கப் பழகினேன். அப்படியும் ஒருநாள் அரிசி இறைக்கிற சத்தமும் கோழி கொத்துகிற சத்தமும் மட்டும்தான் கேட்டது. அதற்கு மறுநாள் நான் சுவரைச் சுற்றிக்கொண்டு அவள் காம்பிராவுக்குள் போனேன். பேச்சு நின்ற பிறகு பேச்சு இல்லாதவர்களாக இருப்பதில் அர்த்தமில்லை.

பெண்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டோம். காலையில் டாக்டரையா வந்து மருந்து கொடுப்பார். கரண்டியில் கஞ்சித் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, வெறும் தண்ணீராகி, அதுவும் பாதி வெளியே வழிந்தது. கதவு எப்போதும் திறந்திருக்கும். எதிர்மலை தெரிகிற மாதிரி அவளே முன்னால் கட்டிலைத் திருப்பிப் போட்டு வைத்திருந்தாள்.

மழை விட்டிருந்த ஒரு முற்பகலில் வேன் சத்தம் கேட்டது. மகன் மொதலாளியின் வேனைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தான். ஆஸ்பத்திரியில் கட்டிலும் சொல்லி வைத்தாகிவிட்டதாம். மொதலாளி நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருந்தார். நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வாசற்படியில் போய் நின்றேன். அன்று என் முறையாக இருந்தது என் தலைவிதியா, அவள் திட்டமா தெரியவில்லை.

“வழிய விடுங்க” என்றான்.

“எங்க தம்பி?”

“ஆஸ்பத்திரிக்கு. கொழா போட்டா தெம்பு வருமாம். எங்கம்மாவப் பட்டினி போட்டுக் கொல்லச் சொல்றீங்களா?”

அவள் கோழியிடம் சொன்ன அதே வார்த்தை. பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் சுவருக்குப் பின்னால் அவள் மகனாக நடித்தபோது கண்ணீர் இல்லை. இவன் முகம் முழுக்கக் கண்ணீர். லயத்து ஆட்கள் வாசல் வாசலாக வந்து நின்றார்கள். அவர்கள் கண் எல்லாம் என் மேல்தான் இருந்தது.

“யாரும் கொல்லல தம்பி. அம்மாவால முழுங்க முடியல. கொழா வேணாம், காம்பிராவ விட்டுத் தூக்க வேணாம்னு அம்மா சொன்னாங்க. நீயும் பக்கத்துல நின்னுதான கேட்ட?”

“அது நல்லா இருக்கிறப்ப சொன்னது. இப்ப அம்மா மனசுல என்ன இருக்குன்னு உங்களுக்கு எப்பிடித் தெரியும்? நீங்க யாருங்க? எத்தன வருசமா எங்கம்மாகூடப் பேசாதவங்க.”

இந்தக் கேள்விக்கு மட்டும் அவள் என்னைப் பழக்கவில்லை. அவன் கேட்டதும் சரிதான். மரணம் தூரத்தில் நிற்கும்போது சொல்கிற வார்த்தையும், கட்டில் பக்கத்தில் வந்து நிற்கும்போது நினைக்கிறதும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று யார் சொல்ல முடியும்? “கொஞ்சம் இரு” என்று சொல்லிவிட்டு என் காம்பிராவுக்குப் போய்ப் பிஸ்கட் தகரத்தை எடுத்து வந்தேன். வெற்றிலை காய்ந்து சருகாகியிருந்தது. உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்தேன். மகன் என் பின்னால் வந்து நின்றான். மருந்து கொடுத்துவிட்டுப் புறப்பட்ட டாக்டரையாவும் வேனைப் பார்த்துத் திரும்பி வந்திருந்தார்.

“அக்கா, ஒன் வெத்தல இந்தா இருக்கு. மகன் வேன் கொண்டாந்திருக்கான். ஆஸ்பத்திரிக்குப் போயி கொழா போட்டுக்கணும்னு இருந்தா இத வாங்கிக்க. நான் வழிய விட்டுர்றேன். ஒரு வார்த்த சொல்ல மாட்டேன்.”

அவள் கண் என் கையைப் பார்த்தது. பிறகு மகனைப் பார்த்தது, வெகுநேரம். கம்பளிக்குள்ளிருந்து கை மெல்ல வெளியே வந்தது. வாங்கிக்கொள், வாங்கிக்கொள் என்றுதான் என் மனசு கிடந்து அடித்துக்கொண்டது. அவள் விரல் வெற்றிலையைத் தொட்டது. தொட்டுவிட்டு, என் விரல்களை ஒவ்வொன்றாக அதன் மேல் மடக்கியது. மடக்கிய கையை அவள் கை மூடி அழுத்தியது. காலமெல்லாம் கொழுந்து எடுத்த கை. வலித்தது எனக்கு.

அப்புறம் மகனைக் காட்டினாள். சுவர் மாடத்தில் இருந்த மருந்துப் போத்தலைக் காட்டினாள். அடியில் கொஞ்சம்தான் மிச்சம் இருந்தது.

வெற்றிலையைத் தகரத்தில் போட்டு மூடினேன். “பாத்தியா தம்பி? மருந்து முடியப் போகுது. அது ஒன் வேலைன்னு அம்மா அன்னிக்கே சொல்லிட்டாங்க. வேன் வந்தது வந்ததாவே இருக்கட்டும். அதுல போயி மருந்த வாங்கிட்டு வா.”

“நான் துண்டு எழுதித் தாறன் தம்பி” என்றார் டாக்டரையா. “வெளிக்கிட்டால் பொழுதுபட முந்தி வந்திடலாம்.”

அவன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து, காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுது தீர்த்தான். யாரும் தடுக்கவில்லை. எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு துண்டை வாங்கினான். வாசற்படியில் நின்று திரும்பி, “சின்னம்மா, நான் வர்ற வரைக்கும் பாத்துக்குங்க” என்றான்.

பொழுது சாய்வதற்குள் மருந்தோடு வந்துவிட்டான். அதற்குப் பிறகு கடையில் லீவு கேட்டு அங்கேயே தங்கிவிட்டான். உதட்டை நனைக்கிற வேலையை யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு வேளை மருந்தும் தவறவில்லை. சில நாளில், மழை ஓய்ந்து நல்ல வெயில் அடித்த ஒரு பகலில், கதவு திறந்திருக்க, எதிர்மலையில் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க, அவள் போய்ச் சேர்ந்தாள். லொறி இல்லை, வளைவு இல்லை. ஒரு பக்கம் மகன், ஒரு பக்கம் நான்.

நான் அழ மாட்டேன் என்று அவள் சொல்லியிருந்தாள். அவள் போட்ட கணக்கில் தப்பிப்போனது அது ஒன்றுதான்.

ஊர் பேசியது. பேசாமல் இருக்குமா? ஆனால் கருமாதி அன்று மகன் எல்லார் முன்னாலும் எனக்குச் சேலை எடுத்து வைத்துக் கும்பிட்ட பிறகு அந்தப் பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. தப்படிக்கிறவர் சாவுக்கு ஒரு சொட்டுக்கூடப் போடாமல் வந்து நின்றதை மட்டும் வெகுகாலம் அதிசயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அடிக்கிற நேரம் முழுக்க அவர் பாடையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டேதான் அடித்தார்.

ஒரு நாள் பொழுது சாயும்போது என் குடத்தைக் கொண்டுபோய்ப் பீலிக்கு நேரே வைத்தேன். உள்ளே ஒரு கல் போட்டேன். காலையில் போய்ப் பார்த்தால் குடம் வைத்த இடத்திலேயே இருந்தது. யாரும் தூக்கிக் கடைசியில் வைக்கவில்லை, யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு அப்படி வைக்கவில்லை.

இப்போது நான் பதுளையில் என் மகன் வீட்டில் இருக்கிறேன். அவள் இருந்த வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. நெஞ்சில் அவ்வப்போது ஒரு பிடிப்பு வருகிறது. மகன் தங்கமானவன், எனக்குத் தும்மல் வந்தாலே கண் கலங்கிவிடுவான். அவனை நம்பி எதையும் சொல்லி வைக்க முடியாது. மருமகளுக்கும் எனக்கும் போன மாதத்திலிருந்து பேச்சு இல்லை. அவள் சமையலறையில் மிக்சியிடம் பேசுகிறாள், நான் முன்னறையில் டீவியிடம் பேசுகிறேன். நேற்று நான் டீவியிடம் சொன்ன ஒரு வார்த்தைக்கு அவள் மிக்சியிடம் ஒரு பதில் சொன்னாள் பாருங்கள், நான் டீவியை அணைத்துவிட்டேன். வாய்ச்சண்டையில் நான் முதன்முதலாகத் தோற்றது நேற்றுத்தான். மனசு நிறைந்துபோனது.

காலையில் நானே கடைவீதிக்கு நடந்து போய் வெற்றிலையும் பாக்கும் வாங்கி வந்தேன். தட்டைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வீட்டில் இருப்பார்கள்.